வெயிலுகந்தா டாட் காம்

கால நல்லா நீட்டிக்கிருங்க சார். பைய மட்டும் கீழ வச்சிராதீங்க, முன்சீட்டு அம்மாவோட மீன் கூடையிலருந்து தண்ணி ஒழுகிக்கிட்டே வருது. என் வேட்டி ஏற்கெனவே நனைஞ்சு போச்சு. மடியில வச்சுக்கிருங்க. உள்ள கம்ப்யூட்டரா? நெனச்சேன். நீங்க ஏறும்போதே நெனச்சேன். அப்ப உங்ககிட்டதான் கேக்கணும். எலெக்‌ஷனுக்கு வெப்சைட்டு அவசியமா, இல்லையா? பட்டுன்னு சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் நேரம் கெடக்கு.

எம் பேரு மலையரசன். சாத்தூர்ப் பக்கம் ஊத்துக்குளம். பேருதான் ஊத்துக்குளம், ஒரு கொடம் தண்ணிக்கு ஊரச் சுத்தி வரணும். தொழில் மைக் செட்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எழவு, எதுன்னாலும் நம்ம ஸ்பீக்கர் குழாய்தான் பனைமரத்துல ஏறி நின்னு கத்தும். சுத்துப்பட்டி ஊர்ல மலையரசன் சவுண்ட் சர்வீஸ்னு கேளுங்க, செவிடன்கூட வழி சொல்லுவான்.

மைக் செட்காரனுக்கு எதுக்குய்யா வெப்சைட்டுன்னு கேக்குறீங்க. கேக்கலையா? மனசுல கேட்டிருப்பீங்க.

எங்க ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. இந்தத் தடவை நின்னே தீர்றதுன்னு இருந்தேன். பார்த்தா, எங்க ஊரைப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. சரி, கெடக்கு, பொண்டாட்டி நின்னா நான் நின்ன மாதிரிதான? அவ பேரு வெயிலுகந்தா. விருதுநகர்ல வெயிலுகந்தம்மன் இருக்குல்ல, அந்த அம்மன் பேரு. நான் வெயிலுன்னு கூப்பிடுவேன். "வெயிலு, இந்தத் தடவை நீ நிக்கிற"ன்னு சொன்னேன். மறுப்பான்னு பார்த்தேன். மாவாட்டிக்கிட்டிருந்தவ நிமிர்ந்து பார்த்து, "நிக்கிறேன்"னுட்டா. "ஆனா உங்களுக்காக நிக்கல. அந்த வால்வுக்காக நிக்கிறேன்"னா.

அந்த வால்வுக் கதையச் சொல்லணும் உங்களுக்கு. ஊருக்கு ஒரு தண்ணித் தொட்டி. அதுலருந்து எங்க கெழக்குத் தெருவுக்கு வர்ற பைப்போட வால்வு இருக்கு பாருங்க, அது பழைய தலைவரு சங்கிலிராசு வீட்டு வாசல்ல இருக்கு. சாவி அவரு இடுப்புல. தெறந்தா எங்களுக்குத் தண்ணி, தெறக்கலேன்னா இல்ல. அவரு எங்க தெறக்குறாரு? அவங்க தெருவுல மாடு குளிக்கும், எங்க தெருவுல மனுசன் குளிக்க யோசிக்கணும். எங்க பொம்பளைக தோட்டத்துக் கெணத்துக்குக் கொடத்தத் தூக்கிக்கிட்டு நடந்து நடந்து இடுப்பொடிஞ்சு போனாளுக. வெயிலு தலையில கொடம் வச்சுச் சொட்டையே விழுந்திருச்சு. "செயிச்சதும் மொத வேலை அந்தச் சாவிய வாங்குறது. ரெண்டாவது வேலைன்னு ஒண்ணு கெடையாது"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா. தெருவே அவ பின்னாடி நின்னுச்சு. எதிர்த்து நின்னது சங்கிலிராசு சம்சாரம் தவமணி. அந்தம்மா வாயத் தெறந்து பேசி நான் பார்த்ததில்ல.

இதுல நம்ம பங்கு என்னன்னு யோசிச்சேன் சார். அவ வீடு வீடாப் போவா, அது எவனும் போவான். நம்ம மூளையக் காட்டணும்ல?

அப்பத்தான் எங்க சகலை மெட்ராஸ்லருந்து வந்திருந்தாரு. ஒரு பெரிய ஆபீஸ்ல செக்யூரிட்டியா இருக்காரு. ஆபீஸ் வாசல்ல நிக்கிறவருக்கு உள்ள நடக்குறது அம்புட்டும் தெரியும். அவரு சொன்னாரு, "சகலை, இப்பல்லாம் போஸ்டரு, மைக்கு, எதுவும் எடுபடாது. வெப்சைட்டு இருந்தா ஆளு, இல்லேன்னா தூளு." எனக்கு அன்னைக்குப் பூரா சோறு எறங்கல. மைக்கு எடுபடாதாம்! இம்புட்டு நாளா அதுலதான் சாப்பிட்டோம். சரி, காலம் மாறுது, நாமளும் மாறிக்கிருவோம்னு மறுநாளே சாத்தூருக்குப் பஸ் ஏறிட்டேன்.

சாத்தூர்ல கனகசபைன்னு ஒருத்தரு. கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் குடுப்பாரு, ஜெராக்ஸ் எடுப்பாரு, வெப்சைட்டும் போடுவாரு. நல்ல மனுசன். "கைவசம் ஒண்ணு ரெடியா இருக்கு, பேர மட்டும் மாத்துனாப் போதும்"னாரு. அது ஏதோ கல்யாண மண்டபத்துக்காகப் போட்டதாம், மண்டபக்காரரு வேண்டாம்னுட்டாரு. எனக்கென்ன? புதுச் சட்டையா பழைய சட்டையான்னு ஓட்டுப் போடுறவனுக்குத் தெரியவா போகுது. பேரு வச்சோம், வெயிலுகந்தா டாட் காம். தெறந்த உடனே கெட்டிமேளம் கேக்கும். மேல எம் படம் பெருசா, கும்பிட்ட மாதிரி. கீழ ஓரத்துல வெயிலு படம். ஏன் சிரிக்கிறீங்க? அவ படம் கெடைச்சதே ரேஷன் கார்டுல இருந்ததுதான், பெருசாக்குனாக் கலைஞ்சு போகுது.

கனகசபை கேட்டாரு, "லோகோன்னு ஒரு படம் வைக்கணும், என்ன வைக்க?" நான் பட்டுன்னு சொன்னேன், "குடை." வெயிலுகந்தாவுக்குக் குடையத் தவிர வேற என்ன பொருந்தும்? அந்த மனுசன் எந்திரிச்சு நின்னு கையக் குடுத்துட்டாரு. நல்லா செவப்புக் கலர்ல, விரிச்ச குடை. "கெழக்குத் தெருவுக்கு நெழல்"னு கீழ ஒரு வரி. பார்க்கப் பார்க்க அழகு. நான் காலையில எந்திரிச்சதும் செல்லுல அதுலதான் முழிப்பேன்.

அதுல எத்தனை பேரு பார்த்தாங்கன்னு ஒரு நம்பரு ஓடும் சார். மொத வாரமே ஆயிரத்தத் தாண்டிருச்சு! எங்க ஊர் ஓட்டே அம்புட்டு வராது. போன் மேல போன். "மண்டபம் தை மாசம் காலியா இருக்கா?"ன்னு ஈரோட்டுலருந்து ஒருத்தரு கேட்டாரு. "தை மாசம் எலெக்‌ஷன் முடிஞ்சிரும், காலிதான், நம்ம சின்னத்த மறந்துராதீங்க"ன்னேன். முந்நூறு கார் நிறுத்த எடம் இருக்குன்னு போட்டிருக்கே, உண்மையான்னு இன்னொருத்தரு. கனகசபை அந்த வரியெல்லாம் எடுக்க மறந்துட்டாரு. இருக்கட்டும், எங்க கம்மாயில தண்ணியா கெடக்கு, ஐந்நூறு காருகூட நிறுத்தலாம். ஆதரவுன்னு வர்றவங்கள வேண்டாம்னு சொல்ல முடியுமா?

ஆனா எங்க ஊரு ஆளுக பார்க்கணும்ல. அதுக்குக் கனகசபையே வழி சொன்னாரு. கறுப்புக் கட்டங்கட்டமா ஒரு படம் இருக்கே, செல்லக் காட்டுனா வெப்சைட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும், டீக்கடையில காசு கட்டுறதுக்கு ஒட்டியிருப்பாங்களே, அது. அத ஸ்டிக்கரா அடிச்சு, நடுவுல நம்ம செவப்புக் குடைய வச்சு, மேல வெயிலுகந்தான்னு பேரு போட்டு, கட்டுக்கட்டா வாங்கியாந்துட்டேன். ஒட்டுனேன் பாருங்க! கதவு, ஜன்னலு, அடிபம்பு, பால் கேனு, நாயக்கருபட்டி போற மினி பஸ்ஸோட பின்பக்கம். எருமை மேல ஒட்டுனேன், ஒட்டல. எங்க தெருவுல பேச்சிமுத்தாள்னு ஒரு பொம்பள, யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு அந்த ஸ்டிக்கருக்கு எலுமிச்சம்பழம் அறுத்து வச்சிட்டா. பரவாயில்ல, கவனிக்கிறாங்கன்னு அர்த்தம்.

அப்புறந்தான் சின்னம் ஒதுக்குற நாளு வந்துச்சு. நான் கனகசபை கடையில இருந்தேன், கெட்டிமேளம் ரொம்ப இழுக்குது, கொஞ்சம் வெட்டணும்னு. வெயிலு மட்டும் யூனியன் ஆபீஸுக்குப் போனா. குடை கேளுன்னு சொல்லி அனுப்பியிருந்தேன், கேட்டிருக்கா. ஆனா சங்கிலிராசு என்ன பண்ணிட்டாரு, அவரு சம்சாரத்துக்கும் குடைதான் வேணும்னு கேட்டுட்டாரு! ஊரெல்லாம் செவப்பா குடை ஒட்டியிருக்கான் பைத்தியக்காரன், அது நமக்குக் கெடைச்சா என்னன்னு யோசிச்சிருக்காரு. பாருங்க, இங்கதான் வெப்சைட்டோட மதிப்பத் தெரிஞ்சுக்கணும். எதிரியே ஆசப்படுறான்! ரெண்டு பேரு ஒரே சின்னம் கேட்டா குலுக்கல். குலுக்குனாங்க. தவமணிக்குக் குடை. வெயிலுக்குக் கத்தரிக்கா.

வீட்டுக்கு வந்து, "என்னங்க, கத்தரிக்கா குடுத்துட்டாங்க. மொதல்ல அந்தக் குடையெல்லாம் கிழிச்சுப் போடுங்க"ன்னா. கிழிக்கிறதா? கிழிச்சா வெப்சைட்டுக்கு வர்றவன் எந்த வழியா வருவான்? நம்பரு ரெண்டாயிரத்தத் தொடப் போகுது அப்ப. "வெப்சைட்டுலயே மாத்திருவோம், எல்லா எடத்துலயும் தானா மாறிரும்"னேன். ஸ்டிக்கர்ல எப்படிங்க தானா மாறும்னு கேட்டா. அவளுக்கு டெக்னாலஜி தெரியாது சார்.

கனகசபைக்குப் போன் போட்டா, மனுசன் மாலை போட்டு மலைக்குக் கெளம்பிட்டாரு. அதுவும் பெரிய பாதையில, நடந்து. ரொம்பக் கஷ்டப்பட்டு ஒரு தடவை லைன் கெடைச்சுச்சு. "சாமி, குடைய எடுத்துட்டுக் கத்தரிக்காயப் போடணும் சாமி, பாஸ்வேர்டு என்ன சாமி?"ன்னேன். "சாமி சரணம். விரதத்துல இருக்கேன் சாமி, லௌகீகம் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. எறங்கி வந்து சொல்றேன் சாமி"ன்னுட்டாரு. பக்திமான். அவரத் தப்புச் சொல்ல முடியாது. அவரு எறங்கி வர்றதுக்குள்ள ஓட்டுப் பதிவே முடிஞ்சிரும்னு அப்ப தோணல.

இதுக்கு நடுவுல ஒருநாள் சங்கிலிராசுவே வீடு தேடி வந்துட்டாரு. சிரிச்ச மொகம். "மலையரசு, உன் வெப்சைட்டு பிரமாதம்யா. ஸ்டிக்கரு மிச்சம் இருக்கா? எங்க தெருவுலயும் ஒட்டணும்னு ஆளுக கேக்குறாங்க"ன்னாரு. எதிரி தெருவுல நம்ம வெப்சைட்டு! ரெண்டு கட்டு எடுத்துக் குடுத்தேன். ஒட்டப் பசையும் குடுத்தேன். காபி குடிச்சுட்டு, "மைக் செட்ட என்ன பண்ணப் போற? வெப்சைட்டு இருக்குறவனுக்கு மைக் எதுக்கு? எனக்கு வாடகைக்குக் குடேன்"னாரு. ஞாயமாத்தான பட்டுச்சு. அது பழைய டெக்னாலஜி, போனாப் போகட்டும்னு ரெண்டு குழாய், ஆம்ப்ளிஃபயர், ஆட்டோ, எல்லாத்தையும் எலெக்‌ஷன் முடியிற வரைக்கும் விட்டுட்டேன்.

அன்னையிலருந்து எங்க தெருவுக்குள்ள எங்க குழாயே வந்து கத்துது. "போடுங்கம்மா ஓட்டு, குடையப் பார்த்து!" சவுண்டு எப்படி இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? கணீர்னு. கொஞ்சங்கூட இரைச்சல் கெடையாது. நான் வாசல்ல நின்னு கேட்டு ரசிச்சேன். தொழில்காரன் சார், ரசிக்காம இருக்க முடியுமா?

வெயிலு அப்பத்தான் எங்கிட்ட ஒரே ஒரு தடவை மைக் கேட்டா. கையில ஒரு கத்தரிக்காய வச்சுக்கிட்டு வீடு வீடாப் போயி, "குடை இல்லக்கா, இது! இதுல குத்துங்க! ஸ்டிக்கரப் பார்க்காதீங்க, என் கையப் பாருங்க!"ன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு அவளுக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் "குடையிலதான உம் பேரு போட்டிருக்கு, உம் புருசன்தான ஒட்டுனாரு"ன்னு கேக்குறாங்களாம். "ஏங்க, ஒரே ஒரு நாளைக்கு மைக்கக் குடுங்க, என் தொண்ட போச்சு"ன்னா. சங்கிலிராசுகிட்ட வாக்குக் குடுத்துட்டேன், எப்படித் திருப்பிக் கேக்குறதுன்னேன். "ஊருக்கெல்லாம் கத்துன குழாய், கட்டுனவளுக்குக் கத்த மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அதுவும் சொன்னாளா, காத்து மாதிரி வந்துச்சா, சரியாக் கேக்கல. கடைசி ரெண்டு நாளு சத்தமே இல்ல. கத்தரிக்காயக் காட்டுவா, கும்பிடுவா, அடுத்த வீட்டுக்குப் போவா. அம்புட்டுத்தான். ஆனா பொம்பளைக அதுக்கப்புறந்தான் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு, "ஓட்டு ஒனக்குத்தான்டி, நீ போயி வெந்நி குடி"ன்னு சொன்னாங்களாம். எனக்கு அப்பயே ஒரு சந்தேகம், இதுல வெப்சைட்டோட பங்கும் இருக்கும்னு.

ஓட்டுப் பதிவு அன்னைக்கு நான் புதுவேட்டி கட்டிக்கிட்டு மொத ஆளாப் போனேன். இங்க ஒண்ணு சொல்றேன், ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன், யாரையும் குறிச்சுச் சொல்லல. ஒரு ஆளு இருக்கான்னு வைங்க. அவன் ஒரு மாசமா காலையில எந்திரிச்சாக் குடை, படுக்கும்போது குடை, அவனே அவன் கையால ஊர்பூரா ஒட்டுனது குடை. அவன் கையில ரோஸ் கலர் சீட்டக் குடுத்து, மறைப்புக்குப் பின்னாடி தனியா நிக்க வச்சு, முத்திரைக் கட்டையையும் குடுத்துட்டாங்க. சீட்டுல மேல குடை, கீழ கத்தரிக்கா. கத்தரிக்கா கொஞ்சம் வதங்குன மாதிரி அச்சாயிருக்கு. குடை அழகா விரிஞ்சு நிக்குது. அவன் கை எங்க சார் போகும்? சொல்லுங்க. கைக்கு என்ன கண்ணா இருக்கு? குத்துன பிறகுதான் அவன் சீட்ட உத்துப் பார்த்தான். அழிக்க முடியுமா? எச்சித் தொட்டு அழிச்சா செல்லாத ஓட்டு. மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வெளிய வந்தா, வாசல்ல பொண்டாட்டி நிக்கிறா. கும்பிடுறா. நம்மளையே கும்பிடுறா சார், வேட்பாளராச்சே.

பொதுவாச் சொல்றேன். அப்படி எங்கயாவது நடந்திருக்கலாம்.

சாத்தூர்ல வச்சு எண்ணுனாங்க. ரோஸ் சீட்டு மாறி மாறி வருது. குடை, கத்தரிக்கா, குடை, கத்தரிக்கா. கெழக்குத் தெருப் பொம்பளைக கேட்டுக்கு வெளிய கையக் கோத்துக்கிட்டு நிக்கிறாளுக. கடைசியில ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டுல தவமணி செயிச்சிருச்சு. நான்தான் முன்னாடி நின்னு மறுபடியும் எண்ணுங்கன்னு சத்தம் போட்டேன். மறுபடியும் எண்ணுனாங்க. ஒரு ஓட்டு. வெயிலு திரும்பி என் மொகத்த ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் போயி, அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைகளத் தேத்த ஆரம்பிச்சுட்டா. தோத்தவ அவ, தேத்துறதும் அவ.

சங்கிலிராசு மாலையோட வந்து எனக்குச் சால்வை போர்த்துனாரு. ஆமா, எனக்குத்தான். "இந்த வெற்றி மலையரசனோட வெப்சைட்டுக்குக் கெடைச்ச வெற்றி"ன்னு மைக்லயே சொன்னாரு, எங்க மைக்குதான். இந்தா நான் போத்தியிருக்கேன்ல, இதே சால்வைதான். பஸ்ல ஜன்னல் காத்துக்கு நல்லா கதகதன்னு இருக்கு.

இப்பச் சொல்லுங்க சார். தோத்தோம், இல்லேங்கல. வால்வு இன்னும் சங்கிலிராசு வாசல்லதான் இருக்கு, எங்க தெருவுக்குத் தண்ணி வரல, இல்லேங்கல. ஆனா யாரால தோத்தோம்? வெப்சைட்டால. வாயத் தெறந்து பேசாத அந்தத் தவமணியத் தலைவராக்குனது யாரு? வெப்சைட்டு. அப்ப வெப்சைட்டுக்குச் சக்தி இருக்கா, இல்லையா? எங்க சகலை சொன்னது சரிதான? ஊர்ல, சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டான்னு பேசுறானுக. பேசட்டும். சூனியம் பலிச்சுச்சா இல்லையா, அதப் பாருங்க.

திருமங்கலம் வந்திருச்சா? இன்னும் இல்லையா? வண்டி என்ன இப்படி உருட்டுறான்.

மதுரைக்கு என்ன சோலின்னா... வெப்சைட்டு சோலிதான். கனகசபையவிடப் பெரிய ஆளு ஒருத்தர் மதுரையில இருக்காராம், பார்த்து அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே பேசி வைக்கணும். அவசரமா? அவசரந்தான். இன்னைக்கே போகணுமான்னா... இன்னைக்கு ஊர்ல இருக்க முடியல சார்.

ஒரு ஓட்டுன்னா சும்மாவா? நூறு ஓட்டுல தோத்திருந்தா, போகுதுன்னு எல்லாரும் கொடத்தத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பாங்க. ஒரு ஓட்டுங்கவும் தெரு ரெண்டு பட்டுப் போச்சு. நீ போட்டியா, அவ போட்டாளான்னு ஒருத்தர ஒருத்தர் பார்க்குறாங்க. பேச்சிமுத்தாளோட கொழுந்தன் பேச்சு வாங்கி, ரெண்டு நாளா வீட்டவிட்டு வெளிய வரல. அக்கா தங்கச்சி ஒரே அடுப்புல பொங்குனவளுக, இப்பத் தனித்தனியாப் பொங்குறாளுக. கடைசியில தெருக்கூட்டம் போட்டுப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. ஓட்டு இருக்குற அத்தனை பேரும் வெள்ளிக்கெழம காலையில கருப்பசாமி கோயில்ல, எரியிற சூடத்தக் கையால அணைச்சு, "நான் கத்தரிக்காயிலதான் குத்துனேன்"னு சத்தியம் பண்ணணும். பண்ணாதவன்தான் குடை.

இன்னைக்கு வெள்ளிக்கெழம.

எங்க கருப்பசாமி மத்த சாமி மாதிரி இல்ல சார். பொய்ச் சத்தியம்னா தாங்காது. எங்க ஊர்ல ஆடு திருடிட்டுச் சத்தியம் பண்ணவன், வீடு போயிச் சேரல, கை இழுத்துக்கிருச்சு. நம்புறீங்களோ இல்லையோ, நான் அந்தக் கையப் பார்த்திருக்கேன். அதான், அந்த... அந்த யாரோ ஒரு ஆளு சொன்னேன்ல, அவன் போயிப் பொய்ச் சத்தியம் பண்ண முடியுமா? உண்மையச் சொல்லவும் முடியுமா? தொண்டை கிழியக் கத்துனவ முன்னாடி நின்னு, நான்தான்டி அதுன்னு எந்த வாயால சொல்றது? அதுக்கு மதுரை பஸ்ஸே மேல்.

என்ன சார், எம் போனா அடிக்குது? அடிக்கட்டும். அவதான். சாத்தூர் தாண்டுனதுலருந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. விடுங்க, நிக்கும்.

நிக்கல பாருங்க. சார், ஒரு உதவி. நீங்க எடுத்து, இவரு போன சீட்டுலயே விட்டுட்டு எறங்கிட்டாருன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவா, நல்ல குரலு உங்களுக்கு. காதுல ஒட்டி வச்சுக் கேளுங்க, அவளுக்குத் தொண்டை இன்னும் சரியாகல.

ம். சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? என்னங்குறா?

சத்தியம் முடிஞ்சிருச்சா. எல்லாரும் பண்ணிட்டாங்களா. சரி. அம்புட்டுப் பேரும் பண்ணிட்டாங்களா. மிச்சம் ஒரு ஆளுதானா. சரி, தெரிஞ்சதுதான. மேல சொல்லுங்க. என்னைய எங்க காணோம்னு தேடுறாங்களா? இல்லையா? ஏன் தேடல?

என்னது?

சார், மறுபடி கேளுங்க. சரியாக் கேட்டுச் சொல்லுங்க. யாரு சூடத்த அணைச்சது? எனக்குப் பதிலாவா? "எம் புருசன் கத்தரிக்காயிலதான் குத்துனாரு, நான் அறிவேன்"னா? அவ வாயாலயா? கருப்பசாமி முன்னாடியா?

அவளுக்குத் தெரியும் சார். எண்ணி முடிச்ச அன்னைக்கே தெரியும். அந்தப் பார்வை வேற எதுக்கு? தெரிஞ்சேதான் அணைச்சிருக்கா பாவி மக!

இன்னும் என்னமோ சொல்றாளே, என்னங்குறா? பயப்படாம வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னா? அவரு எங்க எறங்கிப் போனாலும், பார்க்குறவங்க சொல்லி விட்ருங்கன்னா?

போனக் குடுங்க சார். குடுங்க இங்க. வெயிலு! ஏய் வெயிலு! கோயில்லதான இருக்க? நகராத. அந்தக் கைக்கு ஒண்ணும் ஆகலல்ல? வெரல மடக்கிப் பாரு. நல்லா மடக்கு. சரி, அங்கயே நில்லு. போன ஸ்பீக்கர்ல போடு. போட்டியா? தெருக்காரங்களுக்கு இல்லடி, அவங்களும் கேக்கட்டும், சாமிக்கு. போயிக் கருப்பசாமி மொகத்துக்கு நேரா பிடி. அருவாள் பக்கமா இல்ல, காதுப் பக்கமா. கண்டக்டரே, அந்தப் பாட்டக் கொஞ்சம் நிறுத்துய்யா! அம்மா, மீன்காரம்மா, கொஞ்சம் சும்மா இருங்க.

கருப்பா! நான் மலையரசன் பேசுறேன், ஊத்துக்குளம், கெழக்குத் தெரு. குடையில குத்துனது நான்தான்! எம் பொண்டாட்டி சொன்னது பொய்யி, அந்தப் பொய்யி எனக்குப் பாத்தியப்பட்டது, அவ மேல ஏத்தாத! இழுக்குறதுன்னா என் கைய இழு, குத்துன கை இதுதான், சோத்துக் கை! பேச்சிமுத்தாக் கொழுந்தன் குத்தல, யாரும் குத்தல, நான்தான் குத்துனேன்! கேக்குதா?

கேக்குதா வெயிலு? என்ன சத்தம் அங்க? தெருக்காரங்க என்ன சொல்றாங்க? நீ பேசு, நீ என்ன சொல்ற?

சார், நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. அழுறாளா, சிரிக்கிறாளான்னு தெரியல. தொண்டைதான் போயிருச்சே அவளுக்கு.